மூச்செண்ணி

காலை ஒன்பதே கால் மணி. அந்த நேரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது. பள்ளிக்கூடத்து முதல் மணியை அப்போது அடித்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

கருமத்தம்பட்டிக்குக் கிழக்கே, அவிநாசி ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், நானும் இன்னொரு வாத்தியாரும். முதல் மணி கேட்டதும் பிள்ளைகள் வரத் தொடங்க வேண்டும். இரண்டாம் மணிக்குப் பிறகு வருகிறவர்கள் வெயிலில் நிற்க வேண்டும். அந்தச் சட்டமும் என்னுடையதுதான். டீச்சர் மகளுக்கு மட்டும் சலுகையா என்று ஊர் கேட்டுவிடக் கூடாதென்று என் மகள் கமலத்தையே இரண்டு தரம் நிற்க வைத்திருக்கிறேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அவள் அப்பா கோயமுத்தூரில் ஒரு மில்லில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போவார்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் ராட்டை இல்லாத வீடு குறைவு. நானும் சாயங்காலங்களில் நூற்பேன். ராட்டையில் நூல் சுற்றும் இரும்புக் கம்பிக்குக் கதிர் என்று பெயர். ஒரு சாண் நீளம் இருக்கும், பென்சிலில் பாதிப் பருமன்கூட இராது, முனை ஊசி மாதிரி. அதற்கு முதல் நாள் சாயங்காலம் அது வளைந்துபோயிற்று. காலையில், ஆசாரி பட்டறையில் கொடுத்து நிமிர்த்தி வாங்கிக்கொண்டு அப்படியே பள்ளிக்கூடம் வந்துவிடு என்று கமலத்தை அனுப்பினேன். ஆசாரி அதை நிமிர்த்திக் கொடுத்ததோடு, டீச்சரம்மா கதிராயிற்றே என்று முனையையும் நன்றாக அராவிக் கொடுத்திருக்கிறார். மணிச் சத்தம் கேட்டதும் அவள் ஓடி வந்தாள். நான் அடிக்கிற கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். வாசற்கல்லில் கால் தடுக்கியது. கதிரைப் பிடித்த கை நெஞ்சுக்குக் கீழே மடங்க, குப்புற விழுந்தாள்.

ஓடிப்போய்ப் புரட்டினேன். வலது பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, சட்டையோடு சேர்த்துக் கதிர் செருகி நின்றது. பாதிக்கு மேல் உள்ளே.

எங்கள் பூமி வெள்வேல முள்ளும் கிளுவை வேலியுமான பூமி. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து முள் ஏறாத கால் கிடையாது. ஆண்களின் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கி தொங்கும். உடம்பில் எது குத்தினாலும் எங்கள் கை யோசிக்காது. முதலில் பிடுங்கும்; அப்புறம் எருக்கம்பாலோ மஞ்சளோ வைக்கும். நான் ட்ரெயினிங் ஸ்கூலில் படித்துத் தேறியவள். என் கையும் யோசிக்கவில்லை. ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டேன்.

ஒரு சொட்டு இரத்தம் வந்தது, அவ்வளவுதான். கமலம் எழுந்து நின்று பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "வலிக்கலை அம்மா" என்றாள். மஞ்சளைக் குழைத்து வைத்து, துணியால் ஒரு கட்டுப் போட்டு, வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். ஆஜர் கூப்பிட்டபோது மற்றவர்களைப் போலவே பதில் சொன்னாள். பெரிய கண்டம் தப்பியது என்றே நினைத்தேன்.

பத்து மணி இருக்கும். பாடம் வாசிக்க அவளை எழுப்பினேன். இரண்டு வார்த்தை வாசித்தாள், நிறுத்தினாள். மறுபடி இரண்டு வார்த்தை, மறுபடி நிறுத்தம். "ஏன் திக்கறே? நேத்து நல்லாத்தானே வாசிச்சே?" என்று அதட்டினேன். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. அப்போதுதான் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தேன்.

எங்கள் ஊர் போர்டு ஆஸ்பத்திரி இரண்டு பர்லாங்கு தூரம். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் இல்லை. ஒன்பது மைல் தள்ளி ஒரு கிராமத்தில் பேதி கண்டிருந்ததால் ஊசி குத்தப் போயிருந்தார். பொழுது சாயத்தான் வருவார் என்றான் வாட்ச்மேன். உள்ளே இருந்தது காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் ஒருவர்தான். ஊரிலேயே நான் பார்க்க விரும்பாத மனுஷர்.

அவருக்கு ஊர் வைத்திருந்த பெயர் மூச்செண்ணி.

ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு, காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளை அங்கராக்கு. யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். நெஞ்சைத்தான் பார்ப்பார். கண்ணைச் சிமிட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மேமூச்சு வாங்குது? வெரசா நடந்து வந்தீங்களா?" என்பார். சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவளிடமும் அதே பார்வை. பஸ்ஸுக்கு நிற்கிற நிலக்காரப் பண்ணாடியிடமும் அதே கேள்வி. இளவட்டங்கள் அவரைக் கண்டால், "டேய், மூச்செண்ணி வாராரு, மூச்சை அடக்கிக்கங்கடா, இல்லாட்டிக் கணக்குப் போட்டுருவாரு" என்று கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பார்கள். அவர் கோபிக்க மாட்டார். பையிலிருந்து பட்டாளத்துக் கடிகாரத்தை எடுத்து, எத்தனை நேரம் அடக்குகிறார்கள் என்று பார்ப்பார். "நாப்பது நொடி. பரவால்லீங்க, நல்ல ஈரலு" என்று சொல்லிவிட்டுப் போவார். நுரையீரலைத்தான் அவர் ஈரல் என்பார்.

ஆண்களுக்கு அது வேடிக்கை. பெண்களுக்கு வேடிக்கை இல்லை. அவர் வருவது தெரிந்தாலே மாராப்பை இழுத்துவிட்டுக்கொள்வோம். என்னிடம் பள்ளிக்கூட வாசலில் ஒரு நாள், "டீச்சரம்மா, நிமிசத்துக்கு இருவத்திரண்டு போகுதுங்களே, ஒடம்புக்கு எதாச்சுங்களா?" என்று கேட்டார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அன்றே டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். சிரித்தார். "அவரு உங்களைப் பாக்கலீங்க அம்மா. உங்க மூச்சைத்தான் பாத்திருப்பாரு. ரெண்டும் வேறயின்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க." நான் நம்பவில்லைதான். இரண்டு நாள் கழித்து எனக்கு விஷ ஜுரம் கண்டது. அப்போதும் நம்பவில்லை.

பெரிய சண்டைக்கு டோலி தூக்கப் போனவர் என்று பேச்சு. பஸ்ரா என்கிற ஊரில் இரண்டு வருஷம், அடிபட்டவர்களைத் தூக்கி வந்து கூடாரத்தில் போடுகிற வேலை. அங்கேதான் கட்டுப் போடக் கற்றுக்கொண்டாராம். சண்டைக் கதை சொல்லச் சொல்லி யார் கேட்டாலும் சொன்னதில்லை. அவர் ஒரு கதை சொன்னது என் பள்ளிக்கூடத்தில்தான், அதுவும் நான் கேட்டு. கடலையே பார்த்திராத பிள்ளைகளுக்குக் கப்பலில் போன ஒருவர் கடலைப் பற்றிச் சொல்லட்டுமே என்று நினைத்தேன். கோபத்தைக்கூட ஒரு நாளைக்கு ஒதுக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

வந்து நின்று, "கடல் நெம்பப் பெருசுங்க" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

"அலை எல்லாம் எப்படி இருக்கும், சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"எண்ணிப் பாத்தனுங்க. பஸ்ராவுக்குப் போற வரைக்கும் எண்ணினேன். நிமிசத்துக்கு ஒம்பது, பத்து. மனுசன் மூச்சுல பாதிதானுங்க."

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அந்தத் தைரியத்தில் அவர் வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்தார். "கண்ணுங்களா, கால்ல முள்ளு குத்தினாப் புடுங்குங்க. நெஞ்சுல எதாச்சும் குத்தி நின்னா மட்டும் புடுங்கப்படாது. அதை அப்படியே உட்டு, அக்கட்ட இக்கட்ட அசையாம துணியைச் சுத்தி..." முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். இதென்ன, குழந்தைகளிடம் போய் நெஞ்சில் குத்துவதைப் பேசுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. வெளியே போய் மணி அடித்துவிட்டேன். அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கும்பிட்டுவிட்டுப் போனார். கமலம் அன்று அந்த வகுப்பில் இருந்தாள். அவரும் அடுத்த வாக்கியத்தைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொரு நாள். மாட்டுச் சந்தைக்கு ஒரு குடியானவர் காங்கேயத்துக் காளை ஒன்றை ஓட்டிப் போனார். எங்கள் ஊர் முக்கில் ஒரு மோட்டார் ஹாரன் அடிக்க, காளை மிரண்டு அவர் நெஞ்சிலேயே குத்திவிட்டது. பள்ளிக்கூட ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். கொம்பு போன துவாரம் ஒரு ரூபாய்க் காசு அகலம் இருக்கும். அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அந்தத் துவாரமும் சர்ரென்று காற்றை இழுத்தது. மூக்கால் இழுக்க வேண்டியதை நெஞ்சு இழுக்கிற சத்தம். அதைக் கேட்டவர்களுக்கு மறக்காது. கூட்டம் பழந்துணியில் சாணியைத் தோய்த்து உள்ளே அடைக்கப் பார்த்தது.

மூச்செண்ணி எங்கிருந்தோ ஓடி வந்தார். உள்ளங்கையைப் பளாரென்று அந்தத் துவாரத்தின் மேல் வைத்து அழுத்தினார். சத்தம் நின்றது. "வாழையெலை கொண்டாங்க. வெண்ணெயோ எண்ணெயோ எதாச்சும் கொண்டாங்க" என்று கத்தினார். இலைத் துண்டில் எண்ணெயைத் தடவி, கையை எடுத்த நொடியில் அதை வைத்து மூடி, தன் அங்கராக்கைக் கிழித்துக் கட்டினார். பிறகு அடிபட்ட மனுஷரை, அடிபட்ட பக்கமே கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.

அந்த ஆளின் தம்பி பாய்ந்து வந்து மூச்செண்ணியின் கழுத்தைப் பிடித்தான். "ஏய்யா, குத்துப்பட்ட பக்கமே போட்டு அமுக்கிக் கொல்லப் பாக்கறியா?"

"நல்ல பக்கந்தானுங்க இப்ப அவருக்கு மூச்சு உடுது. அதை மேலே இருக்க உடுங்க. கெட்டது கீழே கெடக்கட்டும்" என்றார். கழுத்தைப் பிடித்த கையை விலக்கக்கூட இல்லை. அவர் கண் அடிபட்டவர் நெஞ்சை விட்டு நகரவில்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

அந்தக் குடியானவர் மூன்று நாள் உயிரோடு இருந்தார். நாலாம் நாள் ஜுரம் ஏறி, உள்ளே சீழ் கட்டி இறந்துபோனார். மூச்செண்ணி மூணு நாள் தள்ளிப்போட்டாரு என்று சிலர் சொன்னார்கள். மூச்செண்ணி கை வெச்சதாலதான் போனாரு என்று சிலர் சொன்னார்கள். நான் இரண்டாவது கட்சி.

அந்த மனுஷர் கையில்தான் என் குழந்தையைக் கொடுத்தேன்.

அவர் காயத்தைப் பார்க்கவே இல்லை. சட்டையைக் கழற்றி அவளை மேஜை மேல் சாய்ந்தாற்போல உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தார். மூன்றடி தள்ளி நின்று நெஞ்சைப் பார்த்தார். கடிகாரத்தை எடுத்தார். நான் அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னேன். கையை உயர்த்தி என்னைப் பேச வேண்டாம் என்றார். ஒரு நிமிஷம் முழுசாகப் போயிற்று. என் வாழ்க்கையில் அத்தனை நீளமான நிமிஷம் இல்லை.

"நாப்பத்தி நாலு" என்றார். "எப்பக் குத்துச்சுங்க?"

"ஒம்பதே காலுக்கு."

"என்ன குத்துச்சு? எங்கே அது?"

"ராட்டைக் கதிர். நான்... பிடுங்கிட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "செரிங்க" என்று மட்டும் சொன்னார். என் இரண்டு கையையும் எடுத்துக் குழந்தையின் நெஞ்சில் இரண்டு பக்கமும் வைத்தார். "எது ஏறி எறங்குது, பாருங்க." அவள் இடது பக்கம் வைத்த கைக்கு அடியில் சின்னக் குருவி மாதிரி துடித்தது. வலது பக்கம் வைத்த கைக்கு அடியில் ஒன்றும் அசையவில்லை. உப்பிப் போய் நின்றது. அவர் அந்தப் பக்கம் விரலை வைத்து மறு விரலால் தட்டினார். காலி டப்பாவைத் தட்டினது போல் சத்தம் வந்தது.

"ஈரல்ல சின்ன ஓட்டை உழுந்திருக்குதுங்க. இழுக்கிற மூச்சு அந்த ஓட்டை வழியா நெஞ்சுக்கூட்டுக்குள்ள போயிருது, வெளியே வர வழியில்லை. பூட்டின ஊட்டுக்குள்ள ஆளு சேந்துக்கிட்டே போற மாதிரி. ஒரு ஈரலு சுருங்கிப்போச்சு. இனி அது இன்னொரு ஈரலையும் நெருக்கும்." குழந்தையின் தொண்டைக்குழியில் விரலை வைத்துப் பார்த்தார். "குரல்வளையே கொஞ்சம் அக்கட்டப் போயிருச்சுங்க."

வாட்ச்மேனைச் சைக்கிளில் டாக்டரிடம் விரட்டினார். போக ஒன்பது மைல், மண் ரோடு. டாக்டரை வீடு வீடாகத் தேடிப் பிடித்து, அவர் வண்டி கிடைத்துத் திரும்பி வர எந்தக் கணக்கில் பார்த்தாலும் மாலையாகிவிடும். கோயமுத்தூருக்குப் போகும் பஸ் அப்போதுதான் போயிருந்தது. மறு பஸ் மூன்று மணிக்கு. "அந்த ஆட்டத்துல தூக்கிட்டுப் போனாலும்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

"இங்கேயே ஒண்ணும் செய்ய முடியாதுங்களா?" என்றேன்.

அவர் அலமாரியைத் திறந்து ஒரு தடித்த ஊசியை எடுத்தார். நெஞ்சில் கட்டின நீரையும் சீழையும் எடுப்பதற்காக டாக்டர் வைத்திருப்பது. அதை ஸ்பிரிட் அடுப்பில் கொதிக்க வைத்தார். ஒரு ரப்பர் குழாய், ஒரு பாட்டில், ஆறின வெந்நீர். எல்லாவற்றையும் துணி விரித்து வரிசையாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"இதைப் போட்டா காத்து வெளியே வரும். ஆனா எனக்கு இதைப் போட உத்தரவு இல்லீங்க, டீச்சரம்மா. நான் கட்டுப் போடறவன். மின்னே ஒரு ஊர்ல, டாக்டர் இல்லாதப்ப ஒருத்தருக்குக் கத்தியைத் தொட்டுப்போட்டேன். வேலையை உட்டுத் தள்ளிட்டாங்க. கால்ல உழுந்து ஒரு வருசம் கழிச்சு வாங்கினேன். இன்னொருக்கா ஆச்சுன்னா ஜெயிலுதான்னு எழுதி வாங்கியிருக்கறாங்க."

"ஊசி போட்டுப் பழக்கம் உண்டா?"

"பட்டாளத்துல டாக்டருங்க போட, பக்கத்துல நின்னு பாட்டில் புடிச்சிருக்கறேன், நெறைய. என் கையால போட்டது ஒரே ஒருக்கா."

"அந்த ஆளு?"

"செத்துப்போனாருங்க."

"ஊசியாலயா?"

"தெரியலீங்க" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். பொய்யாவது சொல்லுங்கள் என்று அவர் காலைப் பிடிக்கத் தோன்றியது எனக்கு. குழந்தையின் கழுத்து நரம்பு கயிறு போல் புடைத்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவு பயந்த கண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அழக்கூட அவளிடம் மூச்சு இல்லை.

அதற்குள் வெளியே ஊர் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க டீச்சரு, போயும் போயும் மூச்செண்ணிகிட்டயா பச்சைப் புள்ளையைக் குடுத்திருக்கறீங்க? மாட்டுக்காரரைக் கொன்னது போதாதா? தூக்கிட்டு வாங்க, மந்திரிச்சுத் தண்ணி தெளிச்சாச் செரியாப் போகுது!" என்று கத்தினாள். ஆசாரி வாசலில் குந்தி உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். "கூரு ஏன் போட்டேன், கூரு ஏன் போட்டேன்" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சில்லை.

"நாப்பத்தி ஒம்பது" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "அம்பத்தி மூணு." என்னை நெருக்கவே இல்லை. நிமிஷத்துக்கு ஒரு முறை எண்ணை மட்டும் சொன்னார், பஸ்ஸில் ஊர்ப் பெயர் சொல்கிற கண்டக்டர் போல. ஐம்பத்தெட்டு வந்தபோது கடிகாரத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க சொல்லோணுமுங்க. வேலை போறது என் பாடு. புள்ளை உங்க புள்ளை. நீங்க சொல்லாட்டி நான் தொட மாட்டேன்."

எனக்குத் தெரிந்த கடவுள்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அவள் அப்பாவை நினைத்தேன். ஒன்பது மைல் தள்ளி யாருக்கோ ஊசி குத்திக்கொண்டிருக்கிற டாக்டரை நினைத்தேன். கமலத்தின் கண் மேலே செருகியது.

"போடுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "போடுங்க, போடுங்க" என்று கத்தினேன்.

காறை எலும்புக்குக் கீழே இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு இடத்தை விரலால் தேடினார். அயோடின் தடவினார். "கண்ணு, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். பாப்பா அசையாம இருந்தா நானும் அசைய மாட்டேன். செரியா சாமி?" ஊசியில் மாட்டின ரப்பர் குழாயின் மறு முனை பாட்டில் தண்ணீருக்குள் இருந்தது. பாட்டிலை என் கையில் கொடுத்தார். "மேசைக்குக் கீழேயே புடிங்க. மேலே தூக்கிப்போட்டீங்கன்னா தண்ணி உள்ளே போயிரும். என்ன ஆனாலும் தூக்கப்படாது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். குழந்தை சின்னதாக ஒரு சத்தம் போட்டாள். அப்புறம் என் கையில் பாட்டில் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தேன். தண்ணீருக்குள் குபுகுபுவென்று குமிழ் கிளம்பிக்கொண்டிருந்தது. பானை கொதிக்கிற மாதிரி விடாமல். என் மகளைக் கொன்றுகொண்டிருந்த காற்று அது. வெறும் காற்று. அதைப் பார்த்துக்கொண்டு தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாட்டிலை மட்டும் தூக்கவில்லை.

மணி பதினொன்று இருபத்தைந்து.

"அம்பத்தி ரெண்டு" என்றார். "நாப்பத்தி ஆறு." உதட்டில் நீலம் வடிந்து பழைய நிறம் வந்துகொண்டிருந்தது. கமலம் அவரைப் பார்த்து முதலில் பேசிய பேச்சு, "நீங்க ஏன் என்னையே முறைச்சுப் பாக்கறீங்க?" என்பதுதான். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சாகச் சொன்னாள். அவர் சிரித்தார். "மொறைக்கலீங்க அம்மிணி. வேலை பாக்கறேன்."

கையை எடுத்தால் ஊசி நகர்ந்து ஈரலைக் கிழித்துவிடும் என்று, அவர் அதை இரண்டு விரலால் பிடித்தபடியே மேஜை ஓரத்தில் முழங்காலிட்டார். பிளாஸ்திரி போட்டு ஒட்டின பிறகும் விரலை எடுக்கவில்லை. பன்னிரண்டு அடித்தது. இரண்டு அடித்தது. அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ரப்பர் குழாய். பன்னிரண்டு மணி சுமாருக்கு ஒரு முறை குமிழ் நின்றுபோயிற்று. நான் அலறிவிட்டேன். "கொழாய் மடங்கிருச்சு, வேறொண்ணுமில்லீங்க" என்று நிமிர்த்திவிட்டார். அந்தச் சில நொடிகள் இன்றைக்கும் என்னை விட்டபாடில்லை. உலை கொதித்து அடங்கும்போதுகூட ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன்.

"நான் உங்க மேலே கடுதாசி எழுதினேன், தெரியுமா?" என்று கேட்டேன். ஏன் அப்போது கேட்டேனோ.

"தெரியுமுங்க. டாக்டர் படிச்சுக் காட்டினாரு. எழுத்து முத்து முத்தா இருந்துதுங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும் மூஞ்சியைப் பாக்கத்தான் பாக்கறனுங்க. கண்ணு தானாக் கீழே எறங்கிருது. அங்கே கூடாரத்துல ஆளுங்க மூஞ்சியைப் பாத்து நல்லா இருக்கறாருன்னு அடுத்த ஆளுகிட்டப் போவோம். திரும்பி வந்தா போயிருப்பாரு. மூஞ்சி பொய் சொல்லிப்போடுதுங்க" என்றார். இதற்கு மேல் அவர் பஸ்ராவைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

கமலம் பதினெட்டு நாள் அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பத்து நாள் வரைக்கும் ஜுரம் வருமோ, அந்தக் குடியானவருக்கு வந்தது போல் வருமோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டு என் கையே காய்ச்சல் கண்டது போலாயிற்று. வரவில்லை. இப்போது அவளுக்குப் பதினாறு வயது. வலது பக்கம் அக்குளுக்குக் கீழே ஒரு மிளகளவு தழும்பு, காறை எலும்புக்குக் கீழே இன்னொரு மிளகளவு. ஒன்று நான் பிடுங்கினது, ஒன்று அவர் போட்டது. அவள் படி ஏறி வந்தால் அவள் முகத்துக்கு முன் என் கண் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். "அம்மா, போதும், எண்ணாதே" என்று சண்டை போடுகிறாள். அந்த மனுஷர் அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்று பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனாராம். நான் வகுப்பில் இருந்தேன். யாரும் வந்து சொல்லவில்லை.

அந்த நாளின் சாயங்காலம் பாக்கி இருக்கிறது.

நாலே முக்காலுக்கு ஒரு வாடகை மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. டாக்டர் தொப்பியோடு உள்ளே ஓடி வந்தார். வேட்டி கட்டாத, சட்டத்துக்குப் புறம்பாக ஒரு மாத்திரைகூடக் கொடுக்காத மனுஷர். அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். மேஜை மேல் சாய்ந்து தூங்குகிற குழந்தை, முழங்காலில் நிற்கிற டிரெஸ்ஸர், கீழே பாட்டிலோடு நான். பாட்டிலில் எப்போதாவது ஒரு குமிழ் வந்துகொண்டிருந்தது.

பிறகு கிட்டே வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் கேட்டார். முதுகில் கேட்டார். ஊசி இறங்கிய இடத்தைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை?" என்றார்.

"இருவத்தி எட்டுங்க. காலையில பதினொண்ணே காலுக்கு அம்பத்தெட்டு வரைக்கும் போச்சுங்க."

"ஊசி யார் போட்டது?"

ஜன்னல் கம்பி நெடுகத் தலைகள். டிரெஸ்ஸர் எழுந்திருக்கப் பார்த்தார். கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. உட்கார்ந்தபடியே, "நானுங்க" என்றார்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்று நான் குறுக்கே விழுந்தேன். "அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. எல்லாரும் சாட்சி. என்னை என்ன வேணும்னாலும்..."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். ஆஸ்பத்திரி நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்து, ஜன்னலில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"நான் காலையில பதினோரு மணிக்கே திரும்பி வந்துட்டேன். ஊசி போட்டது நான். எல்லாருக்கும் கேட்டுதுங்களா? யாராவது அந்த மனுஷருக்குக் குடிக்கத் தண்ணி கொடுங்க."